கயிற்றின் மேல் நிற்கும் பயிர்

அறுவடைக்கு நிற்கும் நெல் வயலின் தென்மேற்கு மூலையில் நின்றுகொள்ள வேண்டும். சமவாய்ப்பு எண் அட்டவணை கொடுத்த இரண்டு எண்களைப் பார்த்து நீளவாக்கில் இத்தனை எட்டு, அகலவாக்கில் இத்தனை எட்டு நடந்து, கால் நின்ற இடத்தில் முதல் முளையை அடிக்க வேண்டும். அங்கிருந்து ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம். நாலு முளை, ஒரு கயிறு. மூலைவிட்டம் 7.07 மீட்டர் வர வேண்டும். வரவில்லை என்றால் சதுரம் கோணல். பிடுங்கி மறுபடி அடிக்க வேண்டும். கயிற்றை இறுக்கிக் கட்டியபின் உள்ளே இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்து எழுத வேண்டும். இதற்குப் பெயர் பயிர் அறுவடைப் பரிசோதனை. செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்தப் பருவம் நெல் எவ்வளவு விளைந்தது என்று அரசு சொல்லும் எண் இப்படிப்பட்ட சதுரங்களிலிருந்துதான் பிறக்கிறது.

முளை அடிப்பதும் அறுப்பதும் யாருக்கும் கைவரும். கயிறு கட்டியபின் அதன் மேலேயே சில தூர்கள் நிற்கும். அவை உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. குனிந்து மண்ணை விலக்கி வேர் எந்தப் பக்கம் என்று பார்த்து முடிவுசெய்ய வேண்டும் என்பது விதி. பதினோரு மணி வெயிலில், சேற்றில், அடுத்த வயலுக்குப் போகும் அவசரத்தில் அந்தக் குனிதல் நடக்காது. கை தானாக அந்தத் தூரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இந்த ஒரு கைச்செயலைச் சுற்றி இந்தியப் புள்ளியியலின் பெரிய சண்டை ஒன்று நடந்திருக்கிறது. 1920களில் பீகார், ஒரிசாவில் ஹப்பேக் என்ற ஆங்கிலேய அதிகாரி சிறு முக்கோணச் சட்டம் ஒன்றை வயலில் வைத்து அறுத்து நெல் விளைச்சலைக் கணித்தார். மாதிரி எடுத்து விளைச்சல் காணும் முறைக்கு உலக அளவில் அதுவே முன்னோடிகளில் ஒன்று. வங்கத்தில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் அந்த வழியில் நடந்தார். சின்னத் துண்டு என்றால் நிறைய இடங்களில் அறுக்கலாம், செலவு குறைவு, பரவல் அதிகம் என்பது அவர் வாதம். தில்லியில் வேளாண் ஆராய்ச்சி மன்றத்தில் இருந்த பி. வி. சுகாத்மே 1940களில் எதிர்வாதம் வைத்தார். துண்டு சிறுக்கச் சிறுக்க, பரப்போடு ஒப்பிட எல்லை நீள்கிறது. எல்லை நீண்டால் கயிற்றின் மேல் நிற்கும் தூர்கள் கூடும். கூடியவற்றை எல்லாம் கை உள்ளே இழுத்தால், சின்னத் துண்டு எப்போதும் விளைச்சலை மிகையாகவே காட்டும். இருவரும் பெரிய மனிதர்கள், இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அரசு முறையில் கடைசியில் பெரிய சதுரமே நிலைத்தது. நாம் கட்டும் ஐந்து மீட்டர்க் கயிறு அந்தச் சண்டையின் மிச்சம்.

இதை நான் பாடமாகப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் ஒரு சதுரம், அதற்குள் ஒரு சின்னச் சதுரம், சுற்றளவு வகுத்தல் பரப்பு. மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், தேர்வில் எழுதுவார்கள். கை ஏன் உள்ளே இழுக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அதை எனக்குச் சொன்னவர் மதுராந்தகம் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளர். இடம், இரண்டு நாள் பயிலரங்கு நடந்த தாம்பரத்துக் கல்லூரி ஒன்றின் சாப்பாட்டுக் கூடம். சாம்பார் சாதம் முடிந்து தயிர் சாதத்துக்குக் கை கழுவாமல் காத்திருந்த நேரம்.

“பொஸ்தகத்துல சாய்வுன்னு போட்டிருக்கீங்க இல்ல சார்? அது எங்கேர்ந்து வருதுன்னு நெனைக்கிறீங்க? விவசாயி பக்கத்துல நிக்கிறாரு சார். ‘அதையும் சேத்துக்கங்கய்யா, நல்லா வெளைஞ்சிருக்கு’ங்கிறாரு. நாலு மாசம் பாடுபட்ட மனுசன். அவர் மொகத்தப் பாத்துட்டு அந்தத் தூரை வெளிய தள்ள மனசு வரல. அவ்ளோதான் சார். திருட்டுத்தனம் ஒண்ணும் இல்ல.”

சற்று நிறுத்திவிட்டு அவரே தொடர்ந்தார்: “இப்போ அது மாறிப்போச்சு. பயிர்க் காப்பீடு வந்த பொறவு, வெளைச்சல் கம்மியா வந்தாத்தான் ஊருக்கே பணம். இப்போ, ‘அந்தத் தூரு வெளியதானே இருக்கு’ங்கிறாங்க. அதே தூரு, அதே மொகம்.”

2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் இழப்பீட்டைப் பெரும்பாலும் தனி வயலை வைத்துத் தீர்மானிப்பதில்லை. ஒரு பகுதியின் சராசரி விளைச்சலை வைத்தே தீர்மானிக்கிறது. அந்தச் சராசரி முக்கியமாக இதே பரிசோதனையிலிருந்து வருகிறது. அதாவது சுகாத்மே காலத்தில் உள்ளே சாய்ந்த கை இன்று வெளியே சாயக்கூடும். இரண்டு சாய்வுக்கும் மூலம் ஒன்றுதான்: எதிரே நிற்பவர்மேல் பரிவு. நான் முப்பது வருடம் சாய்வு என்ற சொல்லை ஒரு குறியீடாக எழுதினேன். அதற்கு ஒரு மனித முகம் உண்டென்று அந்தப் பந்தியில்தான் தெரிந்தது.

ஆண்டுதோறும் ஜூன் 29 புள்ளியியல் நாள். மகலனோபிஸ் 1893இல் பிறந்த தேதி. 2007 முதல் நாடு முழுக்கக் கொண்டாடப்படுகிறது. 2025இல் அதன் கருப்பொருள் தேசிய மாதிரி ஆய்வின் 75 ஆண்டுகள். இந்த நாளை ஒட்டிப் பல கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் பயிலரங்கு நடக்கும். தென்சென்னைப் புறநகரைச் சுற்றியுள்ளவர்கள் தாம்பரத்தில் கூடுவது வசதி. செங்கல்பட்டிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் மின்சார ரயில் வந்து சேரும் இடம். விழுப்புரத்துக்காரர்களும் காலையில் ரயிலேறி வந்துவிடலாம். தரமணியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் மையம் இருக்கிறது, சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் இருக்கிறது. பேசுவதற்கு ஆள் கிடைப்பார்கள். கல்லூரி ஆசிரியர்கள், மாநிலப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையினர், மத்திய அரசின் களப் பணியாளர்கள், மருத்துவ ஆராய்ச்சிக்காரர்கள், நாலைந்து முதுகலை மாணவர்கள். காலையில் ஒரு வகுப்பு, மதியம் கணினியில் பயிற்சி, நடுவில் சாப்பாடு, மாலையில் தேநீர். அழைப்பிதழில் வகுப்புகளுக்கு மட்டும் நேரமும் தலைப்பும் போட்டிருக்கும். சாப்பாட்டுக்குத் தலைப்பு இருக்காது.

அந்தத் தலைப்பில்லாத ஒரு மணி நேரத்தில்தான் இந்தத் தொழில் கைமாறுகிறது என்று நம்புகிறேன். மென்பொருளில் புதிதாக வந்த கட்டளையை வீட்டிலிருந்தே கற்கலாம். ஒரு எண் எப்படி உருவானது, அதை எழுதியவர் எந்த இடத்தில் தயங்கினார், தயங்கிவிட்டு எந்தப் பக்கம் சாய்ந்தார் என்பது எந்த அறிக்கையிலும் அச்சாவதில்லை. அதை எழுதியவர் வாயால்தான் கேட்க முடியும். கேட்பதற்கு அவர் பக்கத்தில் இலை போட்டு உட்கார வேண்டும்.

மகலனோபிஸுக்கே இது தெரிந்திருந்தது. 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். ஏழே வருடத்தில், 1938 ஜனவரியில், முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டைக் கூட்டி, ஆர். ஏ. ஃபிஷரையே தலைமை தாங்க வரவழைத்தார். சமவாய்ப்பு என்ற கருத்தைப் பரிசோதனைகளின் அடிப்படையாக்கிய மனிதர் ஃபிஷர். பிற்காலத்தில் பராநகரில் மகலனோபிஸ் குடியிருந்த ஆம்ரபாலி இல்லத்துக்கு வராத புள்ளியியல் அறிஞர் குறைவு. அவர்கள் கூடிப் பேசியதில் எவ்வளவு கட்டுரைகளானது, எவ்வளவு காற்றில் போனது என்று பிரிக்க முடியாது. ஆனால் மகலனோபிஸ் வகுத்த முறைகளில் ஒன்று, இரண்டு பேர் ஒருவரை ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எளிய எண்ணத்தின் மேல் நிற்கிறது. ஒரே பகுதியில் இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுக்க வேண்டும், இரண்டு குழுக்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் போக வேண்டும். இரண்டு விடைகளுக்கும் உள்ள வித்தியாசமே நம் பிழையின் அளவைச் சொல்லும். மாதிரியில் தற்செயலாக வரும் பிழை மட்டுமல்ல, கேட்கிறவரின் பிழையும் அதில் அடக்கம்.

இன்றும் தேசிய மாதிரி ஆய்வில் மத்திய அரசின் குழு ஒரு மாதிரியை எடுக்கிறது; மாநிலங்கள் தம் பங்குக்கு அதே கேள்விகளோடு இணை மாதிரி எடுக்கின்றன. தாம்பரத்துப் பந்தியில் அந்த இரண்டு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பல்லாவரத்தில் கேட்டவர், இன்னொருவர் பம்மலில் கேட்டவர். “உங்களுக்கு டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் சொல்றாங்களா? எங்களுக்கு மறைக்கிறாங்க” என்றார் மாநிலத் துறைக்காரர். மத்திய அரசுப் பணியாளர் சிரிக்கவில்லை. “எங்களுக்கும் மறைக்கிறாங்க சார். மூணாவது தடவை போகும்போதுதான் சொல்றாங்க” என்றார். 2022-23இல் நடந்த குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் ஒரே வீட்டுக்கு மூன்று முறை போகும் ஏற்பாடு வந்தது: உணவு ஒரு முறை, மற்ற நுகர்பொருளும் சேவையும் ஒரு முறை, நீடித்த பொருட்கள் ஒரு முறை. நாடு முழுக்க 2,61,746 குடும்பங்கள். முந்தைய ஆய்வுகளோடு இந்த எண்களை நேராக ஒப்பிடலாமா என்று பொருளாதார நிபுணர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாசற்படியில் மூன்றாம் முறை நிற்பவருக்கு அந்தக் கேள்வியின் உள்ளே இருப்பது என்னவென்று தெரியும்: அறிமுகம்.

கேள்வி கேட்கும் முறை விடையை மாற்றும் என்பது இந்தத் தேசத்தில் பழைய பாடம். கடந்த வாரம் எவ்வளவு அரிசி வாங்கினீர்கள் என்று கேட்பதா, கடந்த மாதம் என்று கேட்பதா? 1950களின் தொடக்கத்திலேயே மகலனோபிஸும் எஸ். பி. சென்னும் இதைச் சோதித்துப் பார்த்து, அரிசி போன்றவற்றுக்கு மாதக் கணக்கே உண்மைக்கு அருகில் என்று கண்டார்கள். 1999-2000 ஆய்வில் ஒரே வீட்டில் இரண்டு கேள்விகளையும் அடுத்தடுத்த கட்டத்தில் கேட்டார்கள். ஒரு விடையை இன்னொரு விடை இழுத்துக்கொண்டது. வறுமை எவ்வளவு குறைந்தது என்ற நாட்டின் மிகப் பெரிய விவாதமே அதனால் கலங்கிப்போனது. இரண்டு கட்டங்களுக்கு இடையிலும் ஒரு கயிறு கிடந்திருக்கிறது. நினைவு அதன் மேல் நின்றிருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் என் மனதில் தங்கிவிட்டவர் ஒப்பந்தப் பணியில் இருக்கும் ஒரு இளம்பெண். கையில் அரசு கொடுத்த டேப்லெட். மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் அவருடைய பகுதி. முதல் நாள் காலை அறிமுகத்தில் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தவர், பந்தியில் பேச ஆரம்பித்தார்.

“கேட்டுலயே நிறுத்திடறாங்க சார். செக்யூரிட்டி அண்ணன் நோட்டுல கையெழுத்து வாங்குறாரு, அப்புறம் அசோசியேஷன் செகரட்டரிக்கு போன் போடறாரு. அவர் ஆபீஸ்ல இருப்பாரு. ஐடி கார்டைக் காட்டினா, ‘இதெல்லாம் யார் வேணா பிரிண்ட் போடலாம்மா’ங்கிறாங்க. நாலு நாள் நடந்துட்டு, அஞ்சாவது நாள் மாத்து வீடு எடுத்துட்டேன்.”

மாற்று வீடு. தேர்ந்த குடும்பம் கதவைத் திறக்காவிட்டால் பட்டியலில் உள்ள வேறு குடும்பத்தை எடுக்க விதி இடம் தருகிறது. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் மாற்று வீடு என்பது கதவைத் திறந்த வீடு. கேட்டுக்கு உள்ளே இருப்பவர்கள் ஒவ்வொருவராக விலகி, வெளியே இருப்பவர்கள் அவர்கள் இடத்தில் வந்து நின்றால், மேடவாக்கத்தின் செலவு மேடவாக்கத்தின் செலவாக இருக்காது. அவர் அதை அறிந்திருந்தார். குற்ற உணர்வோடுதான் சொன்னார்.

மதுராந்தகத்துப் பெரியவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. “ஞாயித்துக்கெழம காலைல போம்மா. ஏழு, ஏழரை. கீழ எறங்கி வருவாங்க, பாலு, பேப்பர், நாய கூட்டிட்டு. கேட்டுக்கு வெளிய நின்னு பேசு, உள்ள போகணும்னு கேக்காத. மொத வீட்டுல பேசி முடிச்சிட்டு அவங்களையே அடுத்த வீட்டுக்குப் போன் போடச் சொல்லு. அப்புறம் செகரட்டரி எதுக்கு?” அவர் பட்ட அனுபவம் மதுராந்தகத்து வயல்வெளியில். அடுக்குமாடியில் ஒரு நாள்கூட வேலை பார்த்தவரல்ல. ஆனால் மனிதர்கள் எந்த நேரத்தில் வாசலுக்கு வருவார்கள் என்பதை அறிந்தவர். அந்தப் பெண் டேப்லெட்டை ஓரமாக வைத்துவிட்டு, பையிலிருந்து நோட்டு எடுத்து எழுதிக்கொண்டார்.

பிறகு பேச்சு “சும்மா இருக்கிறவர்கள்” பக்கம் திரும்பியது. வேலைவாய்ப்பு ஆய்வில் பெண்ணிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் வரும் விடை பெரும்பாலும் ஒன்றே: “வீட்ல சும்மாதான் இருக்கேன்.” அதோடு நிறுத்தினால் குறியீடு 92, வீட்டு வேலை மட்டும். அவர் குடும்பத்துக்காக விறகு பொறுக்கினாலோ, மாட்டுத் தீவனம் சேகரித்தாலோ, துணி தைத்தாலோ குறியீடு 93. இரண்டும் உழைப்பாளர் கணக்குக்கு வெளியே. ஆனால் அதே பெண் இரண்டு மாடு வைத்துக் கறந்து ஊற்றுகிறார் என்றால் அவர் சுயதொழில் செய்பவர், உழைப்பாளர் கணக்குக்கு உள்ளே வர வேண்டியவர். அகரம்தென்னில் நடந்ததாக ஒரு ஆசிரியை சொன்னார். சும்மா இருப்பதாகச் சொன்ன அம்மாவிடம் “காலைல எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க?” என்று கேட்டாராம். “நாலு மணிக்கு.” “எதுக்கு?” “மாடு கறக்கணுமே.” அந்த ஒரு கேள்வி அவரைக் கயிற்றின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் கொண்டுவந்தது. எந்தக் கையேட்டிலும் எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்ற கேள்வி இல்லை. அன்று அந்தப் பந்தியில் இருந்த பதினைந்து பேருக்கும் அது கிடைத்தது. நாட்டில் பெண்கள் உழைப்புப் பங்கேற்பு கூடியது, குறைந்தது என்று தலைப்புச் செய்தி வரும்போதெல்லாம் இந்த நாலு மணி எனக்கு ஞாபகம் வருகிறது.

இந்தப் புறநகரே கயிற்றின் மேல் நிற்கும் ஊர்தான். 2011 கணக்கெடுப்பில் தாம்பரம் நகராட்சியின் மக்கள்தொகை 1,74,787. அந்த நகராட்சி இன்று இல்லை. 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2025 ஜூன் 16 அன்றுதான், புள்ளியியல் நாளுக்கு இரண்டு வாரம் முன்னால், 2027 கணக்கெடுப்புக்கான அறிவிக்கை வந்தது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின் ஊரப்பாக்கம் பக்கம் எழும்பிய வீடுகள் எந்தப் பழைய பட்டியலில் இருக்கும்? ஐயாயிரம் பேர், சதுர கிலோமீட்டருக்கு நானூறு பேர், ஆண் தொழிலாளரில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலையில். இந்த மூன்றும் இருந்தால் ஊராட்சியாக இருந்தாலும் கணக்கெடுப்பு அதை நகரம் என்று எண்ணும். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஊர்களில் இந்த எல்லையைத் தாண்டியவை எத்தனை, தாண்டியும் தாளில் கிராமமாக இருப்பவை எத்தனை என்று அங்கே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள் இரண்டு மாணவர்கள். 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்து, முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கியபின் அங்கே மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடுகளைப் பட்டியலில் வைப்பதா எடுப்பதா என்று தவித்ததை ஒருவர் சொன்னார். பூட்டிய வீட்டில் இருந்தவர்கள் எங்கோ உறவினர் வீட்டில் இருந்தார்கள். அங்கேயும் அவர்களை யாரும் எண்ணவில்லை.

முதல் நாள் மாலை வகுப்பு முடிந்ததும் ஏழெட்டுப் பேர் சானடோரியம் வரை நடந்தோம். மெப்ஸ் ஏற்றுமதி மண்டல வாசலில் ஷிஃப்ட் விட்டுப் பெண்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்த அந்தக் காசநோய் மருத்துவமனையை 1928இல் சவுரிமுத்து என்ற மருத்துவர் தொடங்கினார். காசநோய்க்கு மருந்து இல்லாத காலம். நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான சாப்பாடு, ஊரிலிருந்து விலகி இருத்தல், அதுவே மருத்துவம். தாம்பரம் அன்று ஊரிலிருந்து விலகி இருந்தது.

மருந்து வந்தபின் ஒரு கேள்வி எழுந்தது. சானடோரியத்தில் படுக்கை மிகக் குறைவு, நோயாளிகள் லட்சக்கணக்கில். வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் குணமாகுமா? சந்தும் பொந்துமான வீட்டில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு? 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நாலும் சேர்ந்து நடத்தின. மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் முன்னின்றார். நகரின் ஏழை நோயாளிகள் 193 பேர். சமவாய்ப்பு முறையில் பாதிப் பேர் வீட்டுக்கு, பாதிப் பேர் சானடோரியத்துக்கு. இரண்டு பக்கத்துக்கும் அதே மருந்து, ஒரு வருடம். முடிவு 1959இல் வெளியானது. நல்ல சாப்பாடும் காற்றும் செவிலியர் கவனிப்பும் இருந்த சானடோரியத்துக்கு, வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய ஈடுகொடுத்தது. பின்னால் தொடர்ந்து பார்த்ததில், வீட்டில் இருந்த நோயாளியால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவில்லை என்றும் தெரிந்தது. உலகம் முழுக்கக் காசநோயாளிகளை வீட்டிலிருந்தே குணப்படுத்தலாம் என்ற துணிவு இந்த 193 பேரிடமிருந்து வந்தது. அந்த மையத்தின் புள்ளியியலாளர் எஸ். ராதாகிருஷ்ணா பின்னாளில் சென்னையில் மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலைமை தாங்கினார். 1999இல் உருவான தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தில் அது கலந்தது.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதைச் சொன்னவர் மருத்துவ ஆராய்ச்சியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். “டாக்டர் கையில விட்டிருந்தா என்ன பண்ணியிருப்பாரு?” என்று கேட்டார். மாணவர் ஒருவர் பதில் சொன்னார்: “ரொம்ப முடியாதவங்கள, வீட்டுல வசதி இல்லாதவங்கள சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பாரு.” “ஆமா. நல்ல டாக்டரா இருந்தா அதைத்தான் செய்வாரு. அப்படிச் செஞ்சிருந்தா நமக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது.”

மதுராந்தகத்துப் பெரியவர் கண்ணாடிக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “அதே தூருதான்” என்றார்.

எனக்கு அந்தக் கணம் உடம்பு சிலிர்த்தது. மருத்துவரின் பரிவும் ஆய்வாளரின் பரிவும் ஒரே கை. அந்தக் கையைத் தடுப்பதற்காகவே சமவாய்ப்பு எண் வந்தது. நான் இரண்டையும் வேறு வேறு தாளில் நடத்தியவன்: பயிர் மாதிரிக்கு ஒரு தாள், மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு தாள். பாடத்திட்டத்தில் அவை சந்திப்பதே இல்லை. டீக்கடையில் சந்தித்தன.

பேச்சு அங்கிருந்து செங்கல்பட்டு மாவட்டத்தின் பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசிப் பரிசோதனைக்குப் போனது. இன்று திருவள்ளூர் மாவட்டமாகிவிட்ட அந்தப் பக்கத்தில், 1968இல் தொடங்கி, வீடு வீடாகப் போய் 3,66,625 பேரைப் பதிவுசெய்தார்கள். அவர்களில் 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்குப் பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை ஊர் ஊராகத் திரும்பப் போய்ப் பதினைந்து வருடம் தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் தொற்று இல்லாதவர்கள் என்று கணித்த 1,09,873 பேரில் 560 பேருக்கு நோய் வந்தது. விடை: பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயிலிருந்து இந்தத் தடுப்பூசி பாதுகாப்புத் தரவில்லை.

எத்தனை பேர் வேர்வை சிந்திய உழைப்பு! விடை ‘இல்லை’. அதை மறைக்காமல், மழுப்பாமல் உலகத்துக்குச் சொன்னார்கள். தடுப்பூசி பலன் தர வேண்டும் என்று அந்த வேலையில் இருந்த ஒவ்வொருவரும் விரும்பியிருப்பார்கள். இந்த நாட்டின் காசநோயைப் பார்த்தவர் விரும்பாமல் இருக்க முடியாது. விருப்பம் விரலில் இறங்காதபடி ஊசியின் பெயரை மறைத்ததுதான் அந்த ‘இல்லை’யைக் காப்பாற்றியது. நம் மாவட்டத்து மக்கள் தங்கள் கையைக் கொடுத்து வாங்கிய உண்மை அது. தமிழில் அதைப் பற்றி ஒரு நல்ல புத்தகம் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதில் வேலை செய்தவர்களில் மிஞ்சியிருப்பவர்களிடம் உட்கார்ந்து கேட்டால்தான் அதை எழுத முடியும். நாள் போய்க்கொண்டிருக்கிறது.

இருட்டும்வரை அங்கேயே இருந்தோம். அந்த இளம்பெண் ஒன்பது மணி ரயிலைப் பிடிக்க எழுந்தபோது பெரியவர், “வீட்டுக்குப் போயிட்டு போன் பண்ணும்மா” என்றார். அவரிடம் அந்தப் பெண்ணின் எண் இல்லை. வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை, வகுப்புக்கு முன்னால், கல்லூரி மைதானத்தின் ஓரத்தில் பெரியவர் கயிறோடு நின்றிருந்தார். யாரும் கேட்காமல் வீட்டிலிருந்து நாலு முளையும் எடுத்து வந்திருந்தார். நெல் இல்லை, தொட்டாற்சுருங்கி மண்டிய தரை. சதுரம் கட்டி, மூலைவிட்டம் பார்த்து, இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழு எண்ணும்போது மற்றது முதுகு காட்டி நிற்க வேண்டும். ஒரே சதுரம், ஒரே செடிகள். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துவரவில்லை. எங்கள் குழுவுடையது கூடுதல்.

“இப்போ கயித்தோரமா மட்டும் பாருங்க” என்றார்.

இரண்டு குழுவும் மண்டியிட்டோம். தொட்ட இடமெல்லாம் இலை மூடிக்கொண்டது. அந்த இளம்பெண் என் எதிரே, கயிற்றுக்கு அந்தப் பக்கம். ஒரு செடியைச் சுட்டி, “இது உள்ளதான்” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் விரலால் மண்ணைச் சுரண்டி, கொடியைத் தூக்கிப் பிடித்து, தண்டு தரையில் இறங்கும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.